அட்வான்ஸ் கும்பிடு

துசியந்தி வீட்டைப் பூட்டிவிட்டுப் பஸ் தரிப்பிடம் வரை போய், திரும்பி வந்து கதவைத் தள்ளிப் பார்க்கிற ஆள். தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்திலின் வயரைக் கழற்றி வைத்ததைப் போனில் படம் எடுத்துக்கொண்டுதான் வேலைக்குப் போவாள். பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் இருந்தபடி, ஆட்கள் வராத நேரத்தில் அந்தப் படத்தை எடுத்துப் பார்த்து ஆறுதல் அடைவாள். அப்படிப்பட்டவள் நாற்பத்து நான்கு வயதில் ஐஸ் ஹொக்கி பழகப் போகிறேன் என்று சொன்னபோது, லண்டன் லூயிஷாம் வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த புருசன் றஜீவனின் கை அப்படியே நின்றுவிட்டது.

"என்ன ஹொக்கி?"

"ஐஸ்."

"ஐஸிலையோ? அதிலை நிக்கவே ஏலாதப்பா."

"அதுக்குத்தானே பழகப் போறன்."

"டென்மார்க்கிலை ஸ்னோ கொட்டினால் குப்பை வைக்கக்கூட வெளிக்கிடமாட்டீர். நான்தான் ரண்டு சொக்ஸ் போட்டுக்கொண்டு போய் வைச்சனான். இப்ப என்ன புதுசா?"

அவன் சொன்னதில் பொய் இல்லை. கலியாணம் கட்டி டென்மார்க்குக்குப் போனவள் அங்கே எத்தனையோ குளிர்காலங்களை யன்னலுக்குள்ளால்தான் பார்த்தாள். குளம் உறைந்து, அயல் வீட்டுப் பிள்ளைகள் அதன்மேல் வழுக்கி விளையாட, இவள் உள்ளே நின்று, ஐஸ் வெடித்தால் யாருக்குப் போன் பண்ணுவது என்று யோசித்துக்கொண்டிருப்பாள். பிறகு மகளின் ஆங்கிலப் படிப்புக்காக, அந்த ஊரில் இருந்த தமிழ்ச் சனத்தில் பாதி லண்டனுக்கு வந்தபோது இவர்களும் வந்தார்கள்.

ஆசை வந்தது மகள் லக்‌ஷிகாவால். யாரோ சிநேகிதியின் பிறந்தநாள் என்று பிள்ளைகள் எல்லாம் தென்லண்டனில் ஒரு ஐஸ் தளத்துக்குப் போனார்கள். துசியந்தி கரையில் இருந்து கோட்டுகளுக்குக் காவல். பிள்ளைகள் முடித்து இறங்க, பெரியவர்கள் சிலர் கையில் ஹொக்கித் தடியோடு ஏறினார்கள். அதில் தலை நரைத்த ஒரு பெண் நாலு அடி வழுக்கிப் போய் மல்லாக்க விழுந்தாள். விழுந்தவள் எழும்பவில்லை, கிடந்தபடியே வயிறு குலுங்கச் சிரித்தாள். துசியந்தி அறிந்த பெண்கள் விழுந்தால் முதலில் செய்வது, யார் பார்த்தது என்று சுற்றிப் பார்ப்பதுதான். அவளும் அப்படித்தான். போகும் வழியில் அறிவிப்புப் பலகை ஒன்று நின்றது. பெரியவர்கள், ஒன்றும் தெரியாதவர்கள், வரலாம் என்று போட்டிருந்தது. இரண்டு தகுதியும் தனக்கு இருக்கிறது என்று அவளுக்குப் பட்டது.

வாடகைக்குக் கிடைத்த கவசங்களை முதல் தடவை வீட்டில் போட்டுப் பார்த்தாள். முழங்காலுக்கு ஒன்று, முழங்கைக்கு ஒன்று, தோளுக்கு ஒன்று, முகத்துக்குக் கம்பிவலை போட்ட ஹெல்மெட்.

"சூரன்போருக்கு வெளிக்கிட்ட சூரன் மாதிரி இருக்குது," என்றான் றஜீவன். "லூயிஷாம் சிவன் கோயிலிலை சொல்லிவிடட்டோ? இந்த வருசம் சூரனுக்கு ஆள் தேடத் தேவையில்லை."

"சிரியுங்கோ, சிரியுங்கோ."

"சிரிக்கேல்லையப்பா. மணக்குது. அந்தக் கையுறைக்குள்ளை போன கிழமை ஆரோ செத்துப்போச்சினம்."

முதல் வகுப்பில் பயிற்சியாளர் பெத்ரா கேட்ட முதல் கேள்வி, விழுவதற்கு யாருக்குப் பயம் என்பது. பெத்ரா ஸ்லோவாக்கியாவில் பிறந்தவள். ஆள் கட்டை, குரல் மட்டும் கூரைவரைக்கும் போகும். கையை உயர்த்தியது துசியந்தி ஒருத்திதான். மற்றவர்களுக்குப் பயம் இல்லாமல் இல்லை; இரண்டு கையாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இவள் கையை எடுத்தாள், விழுந்தாள்.

"ஐயோ அம்மா!"

"அருமை," என்றாள் பெத்ரா. "பாடம் தொடங்கிவிட்டது. எல்லோரும் இவளைப்போல விழுங்கள்."

பக்கத்தில் சுவரோடு ஒட்டிக்கொண்டிருந்த ஒரு ஹெல்மெட் திரும்பியது. "அக்கா, தமிழா? விழுந்தப்பவே தெரிஞ்சிடுச்சு லா."

அப்படித்தான் வான்மதி பழக்கமானாள். ஈப்போவில் இருந்து படிக்க வந்து, இங்கேயே ஒரு வங்கியில் கணக்குப் பார்க்கிற, பேச்சுக்குப் பேச்சு 'லா' போடுகிற மலேசியப் பெண். துசியந்தியைவிடப் பத்து வயது குறைவு. சில கிழமைகள் போக, அவள் கோல் காக்கிற கோலியாகிவிட்டாள். காரணம் கேட்டால், "நின்ன இடத்துலயே நிக்கலாம்ல, அதான்," என்பாள்.

துசியந்தி நிற்கப் பழகுமுன்பே ஓடப் பழகிவிட்டாள். நிற்பதற்குச் சுவரை வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் பச்சையும் நீலமுமாய்க் கன்றிப்போன இடங்களோடு வீட்டுக்கு வந்து, சோபாவில் சரிந்து, தேத்தண்ணி கேட்பாள். றஜீவன் போட்டுக் கொடுப்பான். அவனுக்கு மின்சார வேலை, நாள் முழுக்க ஏணியில் நிற்கிறவன். கவசங்களைப் பின்வளவுக் கொடியில் காயப்போடுவதும் அவன்தான். வீட்டுக்குள் கொண்டுவர விடமாட்டான். கேத்திலின் வயரைப் படம் எடுக்காமல் அவள் ஒருநாள் வேலைக்குப் போனதை அவளே மத்தியானம்தான் கவனித்தாள்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது, இரண்டு பக்கமாகப் பிரிந்து விளையாடத் தொடங்கும்வரை.

அந்த முதல் விளையாட்டில், சுவரோரமாய் ஓடிய கறுப்பு ரப்பர் வட்டுக்கு அவளும் கிரெக்கும் ஒன்றாய்ப் பாய்ந்தார்கள். கிரெக் சுவர் பூசுகிற வேலை செய்கிறவன். வாசலில் நின்றால் வெளிச்சம் வராது, அப்படி ஒரு உடம்பு. அவளுடைய கால் அவன் காலில் இடித்தது. வட்டு அவள் தடியின் அடியில்தான் கிடந்தது. அவள் வட்டை விட்டாள். வலது கையுறையால் அவன் முழங்கையைத் தொட்டு, அதைக் கண்ணில் ஒற்றப் போய், முகத்துக் கம்பிவலையில் இரண்டு தரம் 'டங், டங்' என்று இடித்துக்கொண்டாள்.

கிரெக் தன் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அங்கே ஏதோ காயம் என்று நினைத்துவிட்டான். அதற்குள் வேறு யாரோ வட்டைத் தட்டிக்கொண்டு போய் கோலும் அடித்தாயிற்று.

அது அவள் நினைத்துச் செய்வதல்ல. கொட்டாவி வருவதுபோல வருவது. ஒருவர்மேல் கால் பட்டால் தொட்டுக் கும்பிட வேண்டும் என்பது அவளுக்கு நடக்கப் பழகின நாளிலேயே கையில் ஏறிவிட்ட காரியம். பஸ்ஸில் பட்டாலும் கும்பிடுவாள், பல் வைத்தியரின் கதிரையில் வாய் திறந்து கிடப்பவரின் காலில் பட்டாலும் கும்பிடுவாள். ஐஸ் ஹொக்கியிலோ கால்கள் ஒன்றோடொன்று படாத நிமிசமே இல்லை. அந்தப் பின்னேரம் முழுக்க அவள் கும்பிட்டுக்கொண்டே திரிந்தாள்.

உடுப்பு மாற்றும் அறையில் கிரெக் காரணம் கேட்டான். சொன்னாள். அவன் சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தான்.

"தினமும் காலையில் ரயிலில் என் காலை மிதிக்கிறார்கள்," என்றான். "ஒருத்தராவது கண்ணில் ஒற்றியிருக்க வேண்டுமே!"

அடுத்த கிழமை அவனுடைய கால் ஒருவர்மேல் பட, அவனும் தொட்டுக் கம்பிவலையில் இடித்துக்கொண்டான். முதலில் பகிடிக்குத்தான். பகிடி தொற்றிவிட்டது. நரைத்த தலைகளும் தாடிக்காரர்களும் ஐஸின் நடுவில் நின்று ஒருவரையொருவர் கும்பிட, வட்டு ஆளில்லாமல் ஒரு மூலையில் போய்க் கிடந்தது. பெத்ரா விசிலை ஊதி ஊதிச் சிவந்துபோனாள்.

"இது விளையாட்டா, கோயிலா?"

வகுப்பு முடிந்ததும் துசியந்தியைத் தனியே கூப்பிட்டாள். "கேள், துஷ். மற்றவர்கள் விளையாட்டுக்குச் செய்கிறார்கள், நாளைக்கு விட்டுவிடுவார்கள். நீ விடமாட்டாய். நீ வேகமாய் ஓடுகிறாய். பயந்துகொண்டே ஓடுகிறாய், அது நல்லது, தலையைத் தூக்கிப் பார்த்து ஓடுவாய். ஆனால் நடுவில் நின்றால் பின்னால் வருகிறவன் உன்மேல் ஏறுவான். அடுத்த ஞாயிறு கடைசி விளையாட்டு. அதைப் பார்த்துத்தான் கிளப்பின் ஆரம்பநிலை அணிக்கு ஆள் எடுப்பேன். ஒரு தடவை நின்றாலும் உன்னை எடுக்கமாட்டேன். திரும்ப முதலாம் வகுப்பு."

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் துசியந்தி தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அணி என்ற ஒன்றில் அவள் பெயர் வந்தது ஒரே ஒரு தடவை, பள்ளிக்கூட வலைப்பந்தாட்டத்தில். மாற்று ஆளாகப் போய்த் தண்ணீர்ப் போத்தல் காவினாள். அதற்குப் பிறகு அவள் பெயர் வந்ததெல்லாம் குடும்ப அட்டையிலும் விசாவிலும் வீட்டுக் கடனிலும்தான். அந்த அணியில் இருக்க வேண்டும் என்று அவள் இவ்வளவு ஆசைப்படுகிறாள் என்பது பெத்ரா 'எடுக்கமாட்டேன்' என்று சொல்லும்வரை அவளுக்கே தெரியாது.

அன்றிரவு சாப்பாட்டுக்குப் பிறகு றஜீவனுக்கு முன்னால் போய் நின்றாள்.

"இஞ்சேருங்கோ, உந்தக் காலைக் கொஞ்சம் நீட்டுங்கோ."

"ஏன்?"

"உதைக்க."

றஜீவன் டிவியின் சத்தத்தைக் குறைத்தான். "நான் என்ன பிழை விட்டனான்?"

விசயத்தைச் சொன்னாள். அவன் பெருந்தன்மையோடு இரண்டு காலையும் நீட்டினான். அவள் மெல்லக் காலால் இடித்தாள். கை தானாகப் போய் அவன் முழங்காலைத் தொட்டு அவள் கண்ணுக்கு வந்தது.

"கும்பிட்டிட்டீர்."

"தெரியும். இன்னொருக்கா."

"திரும்பவும் கும்பிட்டிட்டீர். இஞ்சை பாரும், உப்பிடி மெல்லத் தட்டினால் கும்பிடத்தான் வரும். கோவத்தோடை உதையும். உம்மடை அக்கான்ரை மகளின்ரை கலியாணத்துக்குத் தாலி கட்டி முடிஞ்ச பிறகு நான் வந்ததை யோசியும்."

அவள் யோசித்தாள். உதைத்தாள்.

"அம்மோ!" றஜீவன் முழங்கால் எலும்பைப் பிடித்துக்கொண்டு சோபாவில் சுருண்டான். துசியந்தி பதறிப்போய் நிலத்தில் குந்தி அவன் காலையே இரண்டு கையாலும் தொட்டுக் கும்பிட்டாள்.

"அம்மா, ரெட் கார்ட்!" என்றாள் படியில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த லக்‌ஷிகா.

"கலியாணம் கட்டின நாள் தொடக்கம்," என்றான் றஜீவன், வலியோடும் ஒருவித நிறைவோடும், "இண்டைக்குத்தான் எனக்கு இவ்வளவு மரியாதை கிடைச்சிருக்கு."

அடுத்தநாள் மனோர் பார்க்கில் இருக்கும் அக்கா செல்வமலருக்குப் போன் எடுத்தாள். ஆறுதல் வேண்டித்தான் எடுத்தாள்.

"உனக்கென்ன விசரே?" என்றாள் அக்கா. "சனம் பிள்ளையளுக்குக் கும்பிடப் பழக்குது. நீ கும்பிடாமல் விடப் பழகிறாய். இண்டைக்கு ஆக்களை மிதிப்பாய், நாளைக்குப் புத்தகத்தை மிதிப்பாய்."

"நான் ஒருத்தரையும் மிதிக்கேல்லை அக்கா. படுது."

"பட்டால் கும்பிடு!"

போனை வைத்தபோது அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாய் வந்தன. அக்கா சொல்வதிலும் நியாயம் இருந்தது. இந்தப் பழக்கம் கையை விட்டுப் போக வேண்டும் என்று அவளும் ஆசைப்படவில்லை. ஐஸில் மட்டும் வராமல் இருந்தால் போதும். ஆனால் கைக்கு அதை எப்படிச் சொல்வது?

வழி சொன்னது வான்மதி. புதன்கிழமை வேலை முடிந்து இருவரும் லூயிஷாம் ஸ்டேசனுக்குப் பக்கத்தில் கோப்பி குடித்தார்கள்.

"அக்கா, நீங்க கும்பிடுறதுல தப்பே இல்ல லா. டைமிங்தான் தப்பு."

"அப்ப எப்ப கும்பிடுறது? முடிஞ்ச பிறகு ஒவ்வொருத்தராத் தேடிப் போறதோ? ஆரிலை பட்டது எண்டு ஆருக்கு ஞாபகம் இருக்கும்?"

"பின்னாடி இல்ல. முன்னாடி." வான்மதி கோப்பையைத் தள்ளி வைத்தாள். "நான் சின்னப் பிள்ளையில பரதம் கத்துக்கிட்டேன். ஆடுறதுக்கு முன்னாடி என்னா பண்ணுவோம்? பூமியத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்குவோம். எதுக்கு? இனிமே உன்னைய மிதிக்கப் போறேன், மன்னிச்சுக்கன்னு. ஒரே தடவ. ஒவ்வொரு அடிக்கும் நின்னு கும்பிட்டுக்கிட்டு இருந்தா ஆட்டம் என்னா ஆகும்?"

துசியந்தி நெற்றியில் அடித்துக்கொண்டாள். லக்‌ஷிகாவை எத்தனை சனிக்கிழமை நடன வகுப்புக்குக் கூட்டிப் போயிருப்பாள். ஒவ்வொரு தடவையும் அதைப் பார்த்திருக்கிறாள்.

"போனுக்குக் காசு போடுற மாதிரி மொதல்லயே டாப்-அப் பண்ணிடுங்க அக்கா. அப்புறம் இஷ்டத்துக்குப் பேசலாம்."

கடைசி ஞாயிறு. உடுப்பு மாற்றும் அறையில் எல்லோரும் கயிறு இறுக்கிக்கொண்டிருந்தார்கள். துசியந்தி கையுறை போடாமல் எழும்பினாள். வாசலுக்குப் பக்கத்தில் இருந்தவரில் தொடங்கினாள். தோளைத் தொட்டு, கண்ணில் ஒற்றி, அடுத்தவர். தோளைத் தொட்டு, கண்ணில் ஒற்றி, அடுத்தவர்.

"இது எதற்கு?" என்று கிரெக் கேட்டான். "இன்னும் ஒன்றும் நடக்கவில்லையே."

"நடக்கப் போவதற்கு. இன்றைக்கு என் கால் உன்னில் படும்."

"எத்தனை தடவை?"

"எத்தனை தடவை பட்டாலும்."

கிரெக் அதை யோசித்துப் பார்த்து, நியாயம் என்பதுபோலத் தலையாட்டினான். வாசலில் பெத்ரா கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். துசியந்தி அவளையும் விடவில்லை. தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். பெத்ரா விலகி வழிவிட்டாள்.

ஐஸில் இறங்கி இரண்டு நிமிசம்கூட ஆகவில்லை, ஒரு தாடிக்காரரின் காலில் அவள் கால் பட்டது. கை எழும்பியது. இடுப்புவரை வந்துவிட்டது. 'முன்பணம் கட்டியாச்சு,' என்று அவள் அதற்குச் சொன்னாள். கை ஒரு கணம் அந்தரத்தில் நின்று, ஏதோ ஞாபகம் வந்ததுபோலத் திரும்பித் தடியைப் பிடித்தது. அடுத்த தடவை தொடைவரைதான் வந்தது. அதற்கடுத்த தடவை, கால் பட்டதே அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது. அவள் ஓடினாள், விழுந்தாள், எழும்பி ஓடினாள். கரையில் நின்ற றஜீவன் யாரும் கேட்காமலே, "அப்பிடித்தான்! அப்பிடித்தான்!" என்று கத்தினான். ஒன்றும் விளங்காமல்தான் கத்தினான். அவள் ஆடுகிற பக்கம் எது என்றுகூட அவனுக்குச் சரியாகத் தெரியாது.

முடிய இன்னும் கொஞ்ச நேரம். இரண்டு பக்கமும் சமம். வட்டு சுவரோரமாய் ஓட, துசியந்தி பாய்ந்தாள். எதிர்ப்பக்கத்தில் இருந்து கிரெக்கும் பாய்ந்தான். இருவரும் இடித்துக்கொண்டார்கள். இந்தத் தடவை பட்டது அவள் கால் அல்ல. கிரெக்கின் பெரிய கால் அவளுடைய காலில் வந்து இடித்தது.

கிரெக் யாருக்கும் முன்கூட்டிக் கும்பிட்டிருக்கவில்லை.

அவன் நின்றான். அந்தப் பெரிய உடம்பு வளைந்தது. கையுறை அவள் தோளைத் தொட்டது, பிறகு அவனுடைய கம்பிவலைக்குப் போனது, 'டங்'. கண்ணைக்கூட மூடியிருந்தான். அதில் இப்போது பகிடி இல்லை. வட்டு இருவருக்கும் நடுவில் சும்மா கிடந்தது.

ஒருவர் தொட்டுக் கும்பிட்டால் நின்று, அவர் கையைப் பிடித்து, பறவாயில்லை என்று சொல்ல வேண்டும். அதுதான் முறை. துசியந்தி, "பறவாயில்லை!" என்று சொன்னாள். சொல்லும்போதே வட்டை இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தாள்.

முன்னால் யாருமில்லை. வெள்ளை ஐஸும், அதன் முடிவில் கோலும், கோலில் வான்மதியும்.

"அக்கா! வராதீங்க! அக்கா!"

"வாறன்! விலத்து!"

"கோலி எப்பிடி லா விலகுறது!"

அடித்தாள். வட்டு வான்மதியின் காலில் பட்டுத் திரும்பியது. அடித்தவளுக்கு நிற்கத் தெரியாது, சுவரும் தூரத்தில். வட்டும் வான்மதியும் துசியந்தியும் கோல் சட்டமும் ஒன்றாய்ப் பின்னால் போய்ச் சேர்ந்தார்கள். துசியந்தியின் இரண்டு காலும் வான்மதியின் வயிற்றுக்கு மேல் கிடந்தன.

விசில் ஊதியது. "கோல் இல்லை!"

"அக்கா," என்று கீழே இருந்து ஒரு குரல் வந்தது. "இதுக்கும் சேத்துத்தான் டாப்-அப் பண்ணீங்களா?"

"ஓம். எல்லாத்துக்கும்."

பெத்ரா வழுக்கிக்கொண்டு வந்து அவர்களுக்கு மேலே நின்றாள். கோலியை இடித்ததற்கு ஏதோ ஏசப் போகிறாள் என்று துசியந்தி கண்ணை இறுக்கிக்கொண்டாள்.

"துஷ். வெள்ளிக்கிழமை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து அணி ஒன்றோடு நமக்கு முதல் விளையாட்டு. வேன் இங்கிருந்து வெளிக்கிடும்."

"நான் நிற்கவில்லையா?"

"நின்றது கிரெக்." பெத்ரா திரும்பினாள். "கிரெக்! நீயும் வருகிறாய். ஆனால் கும்பிடுவதை எல்லாம் வேனுக்குள்ளேயே முடித்துவிட வேண்டும். இவளைப்போல!"

கரையில் றஜீவன் கண்ணாடியில் கையை வைத்து, என்ன, என்ன என்று சைகையால் கேட்டான். துசியந்தி கிடந்தபடியே பெருவிரலை உயர்த்திக் காட்டினாள். அவன் பக்கத்தில் நின்ற முன்பின் தெரியாத ஒரு ஆளின் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

அவள் முழங்காலில் எழும்பினாள். முழுதாக எழும்பும் முன்பே அடுத்த யோசனை வந்துவிட்டது. நம்முடைய ஆட்களுக்குச் சரி. வேனுக்குள் எல்லோரும் கும்பிட்டுவிடலாம். ஆனால் அங்கே எதிரே வருபவர்கள்? பெயர் தெரியாத, முகம் தெரியாத, ஒரு அணி நிறைய ஆட்கள். அவர்கள் ஒருவருக்கும் அவள் முன்கூட்டி ஒன்றும் கட்டியிருக்கவில்லை.

"பெத்ரா," என்றாள். "விளையாட்டுக்கு முன்னால் அவர்களுடைய உடுப்பு மாற்றும் அறைக்கு நான் ஒருதரம் போய் வரலாமா? கனநேரம் ஆகாது."

பெத்ரா கூரையைப் பார்த்தாள். விசிலை வாயில் வைத்தாள், ஊதாமல் எடுத்தாள்.

"கதவைத் தட்டிவிட்டுப் போ," என்றாள்.